காருக்குப் பொருந்தும் பெட்ரோல் படகுக்குப் பொருந்துமா?

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினை வாங்கும்போது கூடவே ஒரு கையேடும் வரும். எந்த ஆயில், எந்த ஸ்பார்க் பிளக், எந்த பெட்ரோல் என்று சொல்லும் பக்கம் அதில் இருக்கும். உலகச் சந்தையில் விற்கும் அவுட்போர்டு இன்ஜின்களில் பெரும்பாலானவற்றின் கையேடு எத்தனாலுக்கு ஒரே வரம்பைத்தான் சொல்கிறது: நூற்றுக்குப் பத்து பங்கு. அதற்கு மேல் போனால் வரும் கோளாறுக்கு வாரண்டி கிடையாது. இந்தியாவிலோ 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கிய இ20, அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுவதற்குமான சாதாரண பெட்ரோலாகவே ஆகிவிட்டது. கையேடு சொல்வது பத்து, பங்கில் கிடைப்பது இருபது. கையேட்டின்படி நடக்க விரும்பும் படகுக்காரர் அதற்குரிய பெட்ரோலை எங்கே போய் வாங்குவார்? எத்தனால் பற்றி நடக்கும் பெரிய வாதங்களில் இந்தக் கேள்வி காதில் விழுவதே இல்லை. எத்தனால் நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட, எந்த இன்ஜினுக்கு எவ்வளவு என்று கேட்பதுதான் பயனுள்ளது. காரையும் பைக்கையும் வைத்துப் போட்ட கணக்கை அப்படியே படகுக்கும் பொருத்துவது அறிவியல்படி தவறு என்பதே என் வாதம்.

எத்தனாலின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கரும்புச் சாறு, மொலாசஸ், மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து நம் நாட்டிலேயே காய்ச்சி எடுக்க முடிகிற எரிபொருள் அது. கச்சா எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சிறிய விஷயமல்ல. 2003-ல் தொடங்கிய கலப்புத் திட்டம் 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதத்துக்கு முதலில் 2030 என்று வைத்த இலக்கை அரசு 2025-26-க்கு முன்னே இழுத்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது என்பதால் இன்ஜினில் நாக்கிங் வராமல் தடுப்பதில் அது பெட்ரோலைவிடத் திறமையானது. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ 35 சதவீதம் ஆக்சிஜன். பாதி எரிந்த பொருள் போலவே அது டேங்கில் வந்து சேர்கிறது. அதனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதக் கலப்புக்குக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் இதே 6-7 சதவீத இழப்பையும், அதே வகை இருசக்கர வாகனங்களில் 3-4 சதவீத இழப்பையும் எதிர்பார்த்தது. சாலையில் இது பர்ஸைக் கொஞ்சம் கடிக்கும் செலவு. கடலில் 20 லிட்டர் கேனை ஏற்றிக்கொண்டு, போக இவ்வளவு, வர இவ்வளவு என்று லிட்டரில் கணக்குப் போட்டுப் புறப்படுகிறவருக்கோ, கிட்டத்தட்ட 1.3 லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் கரையிலேயே குறைந்துவிடுகிறது. காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் அந்த 1.3 லிட்டர்தான் கையிருப்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் நீர். பெட்ரோலும் நீரும் சேராது, எத்தனால் இரண்டோடும் சேரும். மூன்றும் ஒரே டேங்கில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவே ஓர் எளிய சோதனை உண்டு. 100 மில்லி அளவுள்ள ஒரு கண்ணாடி அளவு ஜாடியில் 10 மில்லி நீரை ஊற்றி, அதன்மேல் 90 மில்லி இ20 பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கி, அசையாமல் வைத்துவிட வேண்டும். குலுக்கியதும் கலங்கலாகத் தெரியும் திரவம் சிறிது நேரத்தில் தெளிந்து, நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு விழும். நாம் ஊற்றிய நீர் 10 மில்லிதான், ஆனால் கோடு விழுவது கிட்டத்தட்ட 28-ஆம் அளவில். மேலே இருந்த 90 மில்லியில் 18 மில்லி எத்தனால் இருந்தது. அதில் பெரும்பகுதி பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு கீழே இறங்கிவிட்டது. பங்கில் வாங்கியதில் எத்தனால் எவ்வளவு என்று சரிபார்க்க மெக்கானிக்குகள் செய்யும் சோதனையும் இதுதான். பொறியாளர்கள் இதை அடுக்குப் பிரிவு என்கிறார்கள். ஜாடியில் நடந்தது டேங்கிலும் நடக்கும். சற்று நேரம் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வேறுபாடு.

டேங்கில் இது நடக்க எவ்வளவு நீர் வேண்டும்? எத்தனால் இல்லாத 20 லிட்டர் பெட்ரோலில் சில மில்லி நீர்தான் கரையும், மிச்சம் அப்படியே அடியில் தங்கும். பத்து சதவீத எத்தனால் கலந்ததில் 15 டிகிரி செல்சியஸ் அளவில் சுமார் 100 மில்லி நீர் வரை கரைந்து மறைந்துவிடும். எத்தனால் கூடினால் இந்தக் கொள்ளளவு கூடும், வெப்பம் கூடினாலும் கூடும். இதை வைத்துத்தான் எத்தனாலை ஆதரிப்பவர்கள் ஒரு நல்ல வாதத்தை வைக்கிறார்கள்: எத்தனால் டேங்கில் சேரும் சிறிய அளவு நீரைக் கரைத்து, இன்ஜினுக்கு எடுத்துப்போய், எரித்து வெளியேற்றிவிடுகிறது, ஆகவே அது டேங்கை உலர்த்தும் நண்பன், இ20 இன்னும் நல்ல நண்பன். நீர் வரம்புக்குள் இருக்கும்வரை இது உண்மை. வரம்பைத் தாண்டிய பிறகு நடப்பதுதான் முக்கியம். சுத்த பெட்ரோலில் கால் லிட்டர் நீர் புகுந்தால் அடியில் கால் லிட்டர் நீர் கிடக்கும். நீர் பிரிக்கும் ஃபில்டர் அதைப் பிடிக்கும், இல்லாவிட்டால் வடித்துக் கொட்டிவிடலாம், மேலே இருக்கும் பெட்ரோலுக்குக் கேடில்லை. இ20-இல் வரம்பைத் தாண்டினால் கீழே இறங்குவது நீர் மட்டுமல்ல. 20 லிட்டரில் 4 லிட்டர் எத்தனால் இருக்கிறது, அதில் ஒரு பெரும் பங்கும் கூடவே இறங்கி, இன்ஜின் உறிஞ்சும் குழாயின் வாய்க்கு மேலேயே அடுக்காக நிற்கும். லிட்டர் கணக்கில் வரும் அதைப் பிடிக்கும் ஃபில்டர் கிடையாது. மேலே மிஞ்சுவதோ எத்தனாலை இழந்ததால் ஆக்டேனையும் இழந்த பெட்ரோல். அதை வடித்தெடுத்து ஊற்றினாலும் இன்ஜின் நாக்கிங் செய்யும். நீர் வரம்பு உயர்ந்தது உண்மை, வரம்பை மீறினால் நேரும் இழப்பும் உயர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் கேடு இன்னொரு படி ஆழம். அதில் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே உயவு. அந்த ஆயில் பெட்ரோலில் கரையும், எத்தனாலும் நீரும் சேர்ந்த அடுக்கில் கரையாது. அடுக்குப் பிரிந்த டேங்கின் அடியிலிருந்து இன்ஜின் உறிஞ்சும்போது, எரியவும் மறுக்கும், உயவும் தராத ஒரு திரவம் உள்ளே போகிறது. நின்றுபோனால் தப்பித்தோம். அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். அந்த அடுக்கில் கடல்நீரின் உப்பும் கலந்திருந்தால், கார்புரேட்டரின் அலுமினியப் பாகங்களை அது அரிக்கும் வேகம் சாதாரண நீரைவிடப் பல மடங்கு கூடும். குளோரைடும் ஈரமும் எத்தனாலும் ஒன்று சேருவதை நெடுநாள் தாங்குவது அலுமினியத்துக்குக் கடினம்.

இங்கே எத்தனால் மீது சுமத்தப்படும் ஒரு குற்றச்சாட்டைக் குறைத்துச் சொல்வதே நேர்மை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஒரே வாரத்தில் டேங்கை நீராக்கிவிடும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தை ஈர்க்கும் குணம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் ஒரு சிறிய வெண்ட் துவாரத்தின் வழியே காற்றின் ஈரம் மட்டும் நுழைந்து டேங்கை அடுக்குப் பிரியும் வரம்புவரை கொண்டுபோக மாதங்கள் ஆகும். படகு டேங்கில் நீர் பெரும்பாலும் வேறு வழிகளில் சேர்கிறது: சரியாக மூடாத மூடி, வெடித்துப்போன ஓ-ரிங், மழையில் திறந்து கிடந்த கேன், அலை தெறிக்கும்போது செய்த நிரப்பல், பகலில் சூடேறி இரவில் குளிரும் பாதி காலியான டேங்கின் சுவரில் கோக்கும் துளிகள். காரில் இவற்றில் ஒன்றுகூட நடப்பது அரிது, ஏனென்றால் காரின் டேங்க் மூடிய அமைப்பு. அதன் ஆவி கரி நிரப்பிய டப்பா ஒன்றின் வழியாகத்தான் வெளியே போகும். படகு டேங்க் காற்றுக்கும் கடலுக்கும் திறந்தே இருக்கிறது. அதேபோல, பழைய பெட்ரோலில் படியும் பிசின் எத்தனால் செய்யும் வேலை அல்ல. அது பெட்ரோலின் சில ஹைட்ரோகார்பன்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுவது, எத்தனால் வருவதற்கு முன்பும் கார்புரேட்டர் ஜெட்களை அடைத்ததுதான். எத்தனால் செய்வது, பல வருடங்களாக டேங்கிலும் ஓஸ் பைப்பிலும் படிந்திருந்த அந்தப் பிசினைக் கரைத்துப் பெயர்த்து ஃபில்டருக்கு அனுப்புவது. புதிய எரிபொருளுக்கு மாறிய முதல் சில டேங்குகளில் ஃபில்டர் திரும்பத் திரும்ப அடைக்கும் காரணம் இதுதான்.

நீர் ஒரு சொட்டும் சேராத டேங்கிலும் இருக்கும் பிரச்சினை காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ10-க்கு இது சுமார் 14.1, இ20-க்கு சுமார் 13.5. இன்றைய காரில் புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிபொருள் குறைந்துவிட்டது என்று நொடிக்கு நொடி கணினியிடம் சொல்லி, இன்ஜெக்டரைச் சற்று அதிகம் திறக்கவைக்கிறது. கார்புரேட்டரில் அப்படி ஒரு கண் கிடையாது. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் எரிபொருள். பத்து சதவீதத்தில் கலவை சுமார் 4 சதவீதம் மெலிகிறது, இருபதில் சுமார் 8 சதவீதம். சிறிய இன்ஜின்களைச் செய்பவர்கள் இன்ஜின் சூடாகாமல் இருக்கக் கலவையைக் கொஞ்சம் கெட்டியாகவே அமைப்பதால் 4 சதவீதம் அந்தச் சலுகைக்குள் அடங்கிவிடும். கையேட்டின் பத்து சதவீத வரம்பு எங்கிருந்து வந்தது என்பது இங்கே விளங்கும். 8 சதவீதம் அந்தச் சலுகையைத் தின்றுவிட்டு, கலவையை வெப்பம் ஏறும் பக்கத்துக்குத் தள்ளுகிறது. கார் சமதளச் சாலையில் போகும்போது தன் திறனில் சிறு பகுதியைத்தான் செலவழிக்கிறது. படகு இன்ஜின் நீரைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்காக முழுத் த்ராட்டிலை ஒட்டியே ஓடுகிறது. மெலிந்த கலவையின் சூட்டைத் தாங்க வேண்டிய நேரம் அதற்குத்தான் அதிகம்.

எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சுவதால் இன்ஜின் குளிரத்தானே செய்யும் என்று கேட்கலாம். குளிர்ச்சி உண்டு, ஆனால் அது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கிறது. மெலிந்த கலவை எரிந்து வெளியேறும் புகையின் சூடு வேறு கணக்கு. எது வெல்கிறது என்று கண்டறியச் சோதனைதான் வழி. அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்துக்காக மெர்குரி மரைன் நிறுவனம் அந்தச் சோதனையைச் செய்தது, அறிக்கை 2011-ல் வந்தது. கார்புரேட்டர் வைத்த 9.9 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக், சூப்பர்சார்ஜர் வைத்த 300 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக், 200 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் என்று மூன்று வகை அவுட்போர்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் இன்ஜின் எத்தனால் இல்லாத பெட்ரோலிலும், இன்னொன்று 15 சதவீத எத்தனாலிலும் 300 மணி நேரம் முழுத் த்ராட்டிலில் ஓட வேண்டும். எத்தனாலில் ஓடிய 300 குதிரைத்திறன் இன்ஜின் இலக்கை எட்டும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு உடைந்து நின்றது. உலோகம் அதிகம் சூடானதன் தடயங்கள் வால்வுகளில் இருந்தன. 200 குதிரைத்திறன் இன்ஜின் பேரிங் உடைந்து நின்றது. 9.9 குதிரைத்திறன் இன்ஜின் 300 மணி நேரத்தை முடித்தது, ஆனால் ஓட்டம் சீராக இல்லை, கரி அதிகம் படிந்திருந்தது, எரிபொருள் பம்ப்பின் கேஸ்கட் சிதைந்திருந்தது. சுத்த பெட்ரோலில் ஓடிய இணைகள் தங்கள் நேரத்தை முடித்தன.

வகைக்கு ஓர் இன்ஜின் என்பது மிகச் சிறிய மாதிரி என்ற மறுப்பு நியாயமானது. பேரிங் உடைந்ததற்கு எரிபொருள்தான் காரணம் என்று அந்த அறிக்கையே உறுதியாகச் சொல்லவில்லை. சோதித்தவர் இன்ஜின் விற்பவர் என்பதும் கவனிக்க வேண்டியதே. இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் அந்தச் சோதனையின் மதிப்பு குறையவில்லை என்பது என் முடிவு. வேதியியல் முன்கூட்டிச் சொல்லும் திசையிலேயே, அதாவது சென்சார் இல்லாத இன்ஜின் முழுச் சுமையில் மெலிந்து சூடாகும் என்ற திசையிலேயே, வால்வு உடைந்தது. வெறும் புள்ளிவிவரத் தற்செயல் என்றால் அந்தத் தடயம் வால்வில் இருந்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த அறிக்கை வரும் முன்பே அதே முடிவுக்கு வந்திருந்தது. 2010-லும் 2011 தொடக்கத்திலும் அது 15 சதவீதக் கலப்பை 2001 மாடல் முதல் வந்த கார்களுக்கு அனுமதித்தது. படகு, மோட்டார் சைக்கிள், புல்வெட்டி ஆகியவற்றுக்கு அதே எரிபொருளைச் சட்டப்படி தடை செய்து, அந்த எச்சரிக்கையைப் பம்ப்பிலேயே ஒட்ட வைத்தது. ஒரே அரசு ஒரே எரிபொருளுக்கு இரண்டு தீர்ப்பு எழுதியது, இன்ஜின் இரண்டு வகை என்பதால். பத்து சதவீதக் கலப்பும் பக்கத்துப் பம்ப்பில் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அந்த நாடு இதை எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. நிலத்தடி நீரை மாசுபடுத்திய எம்டிபிஇ என்ற சேர்மானத்தை நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்கள் 2004 தொடக்கத்தில் தடை செய்தபோது அதன் இடத்துக்கு எத்தனால் வந்தது. இரு மாநிலங்களுக்கும் இடையே கிடக்கும் லாங் ஐலண்ட் சவுண்ட் கடற்பகுதியில், ஃபைபர் கிளாஸிலேயே டேங்க் கட்டிய பழைய படகுகளின் இன்ஜின்கள் அடுத்தடுத்துப் படுத்தன. திறந்து பார்த்தால் இன்டேக் வால்வுகளில் தார் போன்ற கறுப்புப் படிவு, வளைந்துபோன புஷ் ராடுகள். டேங்கின் பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எத்தனால் கரைத்தெடுத்த பொருள் அது. அந்த டேங்குகள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பெட்ரோலைக் குறையின்றித் தாங்கியவை. படகின் உடலோடு சேர்த்துக் கட்டியவை என்பதால் பல படகுகளில் தளத்தை அறுத்துத்தான் அவற்றை எடுக்க முடிந்தது. ரப்பர் பாகங்களிலும் இதே கதைதான், ஆனால் செலவு குறைவு: பழைய ஓஸ் பைப், பிரைமர் பல்ப், கார்புரேட்டரின் டயஃப்ரம், ஓ-ரிங் ஆகியவை எத்தனாலில் ஊறி, காய்ந்து, வெடிக்கின்றன. பெட்ரோல் கசியும் ஓஸ் பைப் சாலையில் காரை நிறுத்தும். மூடிய தளம் உள்ள படகில் அது தீப்பிடிக்கும் அபாயம்.

பிரேசிலைப் பாருங்கள், அங்கே 2015-லிருந்து 27 சதவீதமும் 2025 ஆகஸ்டிலிருந்து 30 சதவீதமும் கலக்கிறார்களே என்பது அடிக்கடி கேட்கும் பதில். பிரேசிலின் எத்தனால் திட்டம் 1975-ல் தொடங்கியது. வாகனத் தொழிலும் எரிபொருளும் அரை நூற்றாண்டாக அங்கே சேர்ந்தே வளர்ந்தன, அந்தச் சந்தைக்கு வரும் வாகனம் அந்த எரிபொருளுக்கென்றே அமைக்கப்படுகிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன்: எரிபொருளுக்கு ஏற்ற இன்ஜின் என்றால் இருபதும் முப்பதும் பிரச்சினையே இல்லை. எத்தனாலுக்குப் பதில் ஐசோபியூட்டனால் கலப்பது இன்னொரு வழி. அதுவும் தாவரங்களிலிருந்து எடுக்கக்கூடிய ஆல்கஹால்தான், நீரோடு எளிதில் சேராது, ஆற்றலில் பெட்ரோலுக்கு நெருங்கியது. சுமார் 16 சதவீதம் கலந்தாலும் அதிலுள்ள ஆக்சிஜன் பத்து சதவீத எத்தனால் அளவுதான். அமெரிக்கப் படகுத் தொழிலினர் அதைப் படகுகளில் பல ஆண்டுகள் சோதித்து 2015-ல் ஏற்றுக்கொண்டார்கள். விலையும் உற்பத்தியும் எத்தனாலுக்கு ஈடாகாததால் அது பங்குகளில் பரவலாகக் கிடைக்கவில்லை.

நம் கடற்கரைக்கு இதெல்லாம் எவ்வளவு பொருந்தும்? தமிழ்நாட்டின் விசைப்படகுகள் டீசலில் ஓடுகின்றன. ஃபைபர் படகுகளிலும் நீள்வால் டீசல் இன்ஜின் வைத்தவை ஏராளம். இவற்றை எத்தனால் தொடாது. மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகளும் தப்பித்துவிட்டன என்று தோன்றும், அங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் பற்றாது. அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிய பிறகே நிறுத்த வேண்டும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்குத் தேவையான பெட்ரோல் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அந்த வழக்கத்தின் நோக்கம். ஆக, நாள் முழுவதும் மண்ணெண்ணெயில் ஓடிய இன்ஜினின் கார்புரேட்டரில், அது ஓடாமல் கரையில் கிடக்கும் நேரம் முழுவதும் ஊறிக்கொண்டிருப்பது இ20. கடல் கொந்தளித்து வாரக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியாத வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தச் சில மில்லி ஆவியாகி, அதன் ஈரமும் உப்பும் அலுமினியக் கிண்ணத்தோடு தனியே விடப்படுகின்றன. செலவாகும் பெட்ரோல் மிகக் குறைவுதான், இன்ஜினின் மிக நுண்ணிய துளைகள் இருக்கும் இடத்தில் நிற்பதும் அதுதான். மண்ணெண்ணெய் கிடைப்பது சுருங்கி, பெட்ரோல் அவுட்போர்டுகள் பெருகப் பெருக இந்தக் கேடு முழு இன்ஜினுக்கும் பரவும்.

படகுக்காரர் தன் கையால் செய்யக்கூடியவை உண்டு, அவை செலவு குறைந்தவை. பெட்ரோலைத் தேவைக்கு மட்டும் வாங்கி, மூன்று மாதத்துக்கு மேல் வைக்காமல் தீர்ப்பது. டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே நீர் பிரிக்கும் ஃபில்டர் போடுவது. பல நாள் நிறுத்தப்போகும்போது கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து வடித்துவிடுவது. எத்தனாலைத் தாங்கும் ரகத்தில் ஓஸ் பைப்பை மாற்றுவது. கேன் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்துவைப்பது. ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் மெலிந்த கலவையும் சரியாகும், ஆனால் அதைத் தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். அடுக்குப் பிரிந்த பெட்ரோலை எந்த மருந்தை ஊற்றியும் மீட்க முடியாது என்பதையும், சந்தையில் அப்படிச் சொல்லி விற்கும் குப்பிகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு செய்தாலும் கையேட்டின் பத்து சதவீத வரம்புக்குள் அவரால் வர முடியாது. அது அவர் கையில் இல்லை.

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. அந்த வழக்கின் பேச்சு சாலை வாகனங்களைப் பற்றியது. நாடு முழுவதும் இரண்டு வகை பெட்ரோலை வைத்து விற்பது கடினம் என்று எண்ணெய் நிறுவனங்கள் சொன்னால் அதில் பொருள் இருக்கிறது. படகுக்கு நாடு முழுவதும் தேவையில்லை, மீன்பிடித் துறைமுகங்களிலும் இறங்குதளங்களிலும் கிடைத்தால் போதும். தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் மீனவர்களுக்கு வரிவிலக்கு டீசல் விற்கும் பங்குகளை ஏற்கனவே நடத்துகிறது. அதே இடங்களில் ஒரு பம்ப்பில் இ10 கொடுப்பது புதிய வலையமைப்பு எதையும் கேட்காது. பழைய வாகனங்களைக் காக்க இ10-ஐத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்று 2021-ன் நிதி ஆயோக் அறிக்கையே பரிந்துரைத்தது, அந்தப் பாதுகாப்பைப் படகுக்கு முதலில் கொடுக்கலாம். கூடவே நம் கடற்கரையில் ஓடும் இன்ஜின்களில், மண்ணெண்ணெய் அவுட்போர்டு உட்பட, நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு சோதனை வேண்டும். கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இன்ஜின்களும் துறைமுகங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு இன்ஜின்களை 300 மணி நேரம் ஓட்டி, புகையின் வெப்பம், வால்வின் நிலை, கேஸ்கட், கிண்ணத்தின் அரிப்பு ஆகியவற்றை அளந்து, தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட்டால், மெக்கானிக்கும் படகுக்காரரும் எண்ணெய் நிறுவனமும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடியும்.